மூச்சுக்குழாயில் சிக்கிய வேர்க்கடலை: குழந்தைகளின் தொண்டைக்குள் வெளிச்சம் கொண்டுபோன செவாலியர் ஜாக்சன்

வாலாஜாபாத்தில் இருந்து பாலாற்றைத் தாண்டி உத்திரமேரூர் பக்கம் போனால், வேர்க்கடலை பிடுங்கும் நாட்களில் பல வீட்டு வாசல்களில் கடலை காயும். பிள்ளைகள் தவழ்வதும் அதே வாசலில்தான். ஒன்றரை வயதுக் குழந்தை ஒரு பருப்பை எடுத்து வாயில் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் பார்த்து யாரோ கூப்பிட, சிரிக்கிறது. ஒரு இருமல். முகம் சிவந்து, கொஞ்சம் திணறி, பிறகு அடங்கிவிடுகிறது. அப்பாடா என்று வீட்டில் எல்லோரும் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். பத்து நாள் கழித்து லேசான காய்ச்சல், நெஞ்சில் விசில் மாதிரி ஒரு சத்தம். சளி என்று ஒரு சிரப். அப்புறம் வீசிங் என்று நெபுலைசர். எக்ஸ்ரேயில் பருப்பு தெரியவில்லை. தெரியாது. எலும்பும் உலோகமும்தான் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும்; வேர்க்கடலை தெரியாது.

கடைசியில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ போய், மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயை விட்டுப் பார்க்கும்போதுதான் விஷயம் புரிகிறது. குழந்தைகளைப் பார்க்கும் ஈஎன்டி டாக்டர் யாரிடம் கேட்டாலும் இப்படி ஒரு கதை சொல்வார்.

அந்தக் குழாயை உள்ளே விடுவது எப்படி, பருப்பு ஏன் இரும்பு ஆணியைவிட மோசம், வீசிங் எல்லாம் ஏன் ஆஸ்துமா இல்லை என்பதையெல்லாம் நூறு வருஷத்துக்கு முன்பே எழுதி, வரைந்து, செய்து காட்டிய ஒருவர் இருந்தார். பெயர் செவாலியர் ஜாக்சன். நம் ஊரில் செவாலியர் என்றதும் சிவாஜி கணேசன்தான் ஞாபகத்துக்கு வருவார். இவருக்கு அது பட்டம் இல்லை, பெற்றோர் வைத்த பெயர்.

நிலக்கரிச் சுரங்கத்தில் கிடந்த சிறுவன்

1865 நவம்பர் 4-ம் தேதி அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தார் ஜாக்சன். நிலக்கரியும் இரும்பும் புகையுமாக இருந்த ஊர். அப்பா கால்நடை சார்ந்த தொழில் செய்தவர். பிற்பாடு கையில் காசு இல்லாமல் போனது. பையன் ஒல்லி, சின்ன உருவம், அதிகம் பேசமாட்டான். பள்ளியில் மற்ற பையன்கள் அவனை விடாமல் துன்புறுத்தினார்கள். ஒருமுறை கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கத்துக்குள் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். நினைவில்லாமல் கிடந்தவனைக் கண்டுபிடித்தது ஒரு சுரங்கத் தொழிலாளியின் நாய். எழுபது வயதைத் தாண்டி 1938-ல் சுயசரிதை எழுதியபோதும் அந்த நாட்களை அவர் மறந்திருக்கவில்லை.

தச்சு வேலை, உலோக வேலை, ஓவியம் எல்லாம் சின்ன வயதிலேயே கைவந்தது. கண்ணாடியிலும் பீங்கானிலும் படம் வரைந்து சம்பாதித்த காசில்தான் படிப்பு ஓடியது. ஒரு கோடை விடுமுறையில் மீன்பிடிப் படகில் சமையல்காரராகக்கூடப் போயிருக்கிறார். பிலடெல்பியாவின் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் 1886-ல் பட்டம்.

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். அதே 1886-ல், அதே பிலடெல்பியாவில், பெண்கள் மருத்துவக் கல்லூரியில் இருந்து ஓர் இந்தியப் பெண் டாக்டர் பட்டத்துடன் வெளியே வந்தார். அவர் ஆனந்திபாய் ஜோஷி. அரை நூற்றாண்டு கழித்து, 1935-ல், அந்தக் கல்லூரிக்கே ஜாக்சன் தலைவரானார். பெண்களை மருத்துவப் படிப்பில் சேர்க்கவே பல கல்லூரிகள் தயங்கிய காலம் அது.

பட்டம் வாங்கிய கையோடு லண்டன் போனார். அங்கே மொரெல் மெக்கன்சி என்ற புகழ்பெற்ற தொண்டை மருத்துவரின் வேலையை அருகில் இருந்து பார்த்தார். ஊருக்குத் திரும்பி பிட்ஸ்பர்க்கில் தொண்டை மருத்துவராக உட்கார்ந்தார். வந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்களின் பிள்ளைகள்.

வளைந்த பாதை, நேரான குழாய்

அந்தக் காலத்தில் குழந்தை ஊக்கையோ காசையோ விழுங்கி, அது உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் டாக்டர்களால் செய்ய முடிந்தது குறைவு. கொக்கியைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே விட்டு இழுப்பார்கள். அல்லது கீழே தள்ளிவிடப் பார்ப்பார்கள். இல்லையென்றால் கழுத்தை அறுக்க வேண்டும். மூச்சுக்குழாயில் போய்விட்டால், பொருள் தானாக இருமி வெளியே வந்தால் உண்டு; வராவிட்டால் நிமோனியா, நுரையீரலில் சீழ், சாவு.

வாயில் இருந்து தொண்டைக்குப் போகிற பாதை வளைந்தது. ஆனால் தலையைச் சரியான கோணத்தில் வைத்தால் அதை நேராக்கிவிடலாம். கத்தி விழுங்கும் வித்தைக்காரர்கள் செய்வது அதைத்தான். 1868-ல் ஜெர்மனியில் குஸ்மால் என்ற டாக்டர் அப்படி ஒரு வித்தைக்காரரை வைத்தே உணவுக்குழாய்க்குள் எட்டிப் பார்த்தார். 1897-ல் குஸ்டாவ் கில்லியன், ஒரு விவசாயியின் மூச்சுக்குழாய்க் கிளையில் இருந்து எலும்புத் துண்டு ஒன்றைக் குழாய் வழியாக வெளியே எடுத்தார். பிராங்கோஸ்கோபிக்குத் தந்தை கில்லியன்தான். அதை ஜாக்சனே ஒப்புக்கொண்டு, தன் முதல் நூலை அவருக்குக் காணிக்கையாக்கினார்.

ஜாக்சனின் ஆரம்பம் அதற்கும் முன்னால். 1890 வாக்கிலேயே உணவுக்குழாயைப் பார்க்கும் கருவி ஒன்றைச் செய்து, ஒரு பெரியவரின் தொண்டையில் சிக்கிய பல் செட்டையும், ஒரு குழந்தை விழுங்கிய காசையும் எடுத்துவிட்டார். மற்ற டாக்டர்களுக்கும் கருவியைக் காட்டினார். அங்கேதான் சிக்கல். பழக்கமில்லாத கைகள் பயன்படுத்தியபோது நோயாளிகளுக்கு விபரீதம் ஏற்பட்டது. ஜாக்சன் பின்வாங்கினார். பயிற்சி இல்லாமல் இந்தக் கருவியைப் பரப்பக் கூடாது என்று முடிவெடுத்து, பல வருஷம் அதை முன்னிறுத்தாமலே இருந்தார். இன்று ஒரு ஸ்டார்ட்அப் இப்படிச் செய்யுமா என்று யோசித்துப் பாருங்கள்.

திரும்பி வந்தபோது கருவி மேம்பட்டிருந்தது. குழாயின் உள்முனையிலேயே ஒரு குட்டி பல்பு. பக்கத்தில் எச்சிலையும் சளியையும் உறிஞ்சி எடுக்க இன்னொரு மெல்லிய குழாய். வெளியில் இருந்து வெளிச்சம் அடிப்பதற்கும், இருட்டுக் கிணற்றின் அடியிலேயே விளக்கு வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. குழந்தையின் மூச்சுக்குழாய் பெரியவர்களின் சுண்டுவிரல் அளவுகூட இருக்காது. அதற்குள் குழாயும் போக வேண்டும், இடுக்கியும் போக வேண்டும், குழந்தை மூச்சும் விட வேண்டும். 1907-ல் வெளியான அவருடைய நூல்தான் இந்தத் துறையில் ஆங்கிலத்தில் வந்த முதல் பெரிய பாடநூல். நூல்களுக்கான படங்களையும் அவரே வரைந்தார். 1911-ல் காசநோய் தாக்கி மாதக்கணக்கில் படுத்தபோதும் சும்மா இருக்கவில்லை, எழுதினார். 1915-ல் அடுத்த பெரிய நூல் வந்தது.

வேர்க்கடலை ஏன் வில்லன்?

சரி, கடலைக்கு வருவோம். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில், வலது கிளை கொஞ்சம் அகலமாகவும் நேராகவும் இருக்கும். அதனால் உள்ளே போகும் பொருள் அதிகமும் வலது பக்கம் விழும். அது ஓர் ஆணி என்றால், சில வாரங்கள்கூடப் பெரிய தொந்தரவு இல்லாமல் இருந்துவிடலாம். வேர்க்கடலை அப்படி இல்லை. அது ஈரத்தில் ஊறி உப்பும். அதன் எண்ணெய் மென்மையான உட்சவ்வை எரிச்சலூட்டி வீங்க வைக்கும். வீங்கிய சவ்வு பருப்பை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். நாளாக ஆக பருப்பு நொறுங்கும். எடுக்கப் போனால் துண்டு துண்டாகிப் பக்கத்துக் கிளைக்குள் ஓடும். வேர்க்கடலையால் வரும் இந்த அழற்சிக்குத் தனியாக ஒரு பெயரே வைத்து விவரித்தவர் ஜாக்சன்.

இன்னொரு நுணுக்கத்தையும் அவர் கவனித்தார். பருப்பு பாதி அடைத்த நிலையில், மூச்சை உள்ளே இழுக்கும்போது குழாய் கொஞ்சம் விரியும், காற்று உள்ளே போகும். வெளியே விடும்போது குழாய் சுருங்கி, பருப்பு மூடி மாதிரி அடைத்துக்கொள்ளும். காற்று உள்ளேயே தங்கும். ஒரு பக்க நுரையீரல் மட்டும் பலூன் மாதிரி உப்பும். எக்ஸ்ரேயில் பருப்பு தெரியாவிட்டாலும் இந்த உப்பல் தெரியலாம், பார்க்கத் தெரிந்தவர்களுக்கு. வீசிங் சத்தம் வருகிற எல்லாமே ஆஸ்துமா ஆகிவிடாது என்று அவர் பெயரால் வழங்கும் எச்சரிக்கையை மருத்துவ மாணவர்கள் இன்றும் மனப்பாடமாகச் சொல்வார்கள். சொல்வது சுலபம். மழைக்காலத்தில் ஓபி வரிசையில் நிற்கும் நூறு சளிக் குழந்தைகளில், ஒரு பக்கம் மட்டும் மூச்சுச் சத்தம் குறைந்திருக்கும் ஒரே குழந்தையைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். பெற்றோர் முதல் நாள் இருமலை மறக்காமல் சொன்னால் அந்த வேலை பாதி முடிந்த மாதிரி.

திறந்த ஊக்கு விழுங்கிய கைக்குழந்தைகள் அவரிடம் ஏராளமாக வந்தார்கள். துணி டயபரில் ஊக்கு குத்திய காலம் அது. கூர்முனை மேல் பார்த்து இருந்தால், அப்படியே இழுத்தால் உணவுக்குழாய் கிழியும். ஜாக்சன் என்ன செய்தார் தெரியுமா? வெளியே இழுக்காமல், ஊக்கைப் பிடித்து முதலில் வயிற்றுக்குக் கொண்டுபோனார். இடமுள்ள வயிற்றுக்குள் அதைத் திருப்பி, கூர்முனை பின்னால் வரும்படி செய்து, பிறகு மேலே எடுத்தார். அவசரப்பட்டு இழுப்பவர்கள்தான் கிழிப்பவர்கள் என்பது அவர் அனுபவம்.

இதற்காகத் தன் கைகளை அவர் பாதுகாத்த விதம் கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும். கை குலுக்குவதைத் தவிர்ப்பார். வெளியே போனால் கையுறை. குடியும் புகையும் கிடையாது. இரண்டு கைகளாலும் ஒரே மாதிரி வேலை செய்வார். வகுப்பில் பேசிக்கொண்டே கலர் சாக்பீஸால் இரண்டு கையிலும் படம் வரைவார். கருவிகளைத் தன் பட்டறையில் தானே செய்து பார்ப்பார்.

குறையும் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுக்காமலே அவர் இதையெல்லாம் செய்தார். குழந்தையைத் துணியில் சுற்றி, உதவியாளர்கள் தலையையும் தோளையும் பிடித்துக்கொள்ள, சில நிமிடங்களில் முடிப்பார். அன்றைய மயக்க மருந்துகள் மூச்சு அடைத்த குழந்தையைக் கொன்றுவிடும் ஆபத்து நிஜம்தான். இருந்தாலும் அந்தக் குழந்தைகள் பட்ட பயத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இன்று முழு மயக்கம் கொடுத்து, குழாய் வழியாகவே ஆக்சிஜன் செலுத்தி, திரையில் பெரிதாகப் பார்த்துக்கொண்டே எடுக்கிறார்கள். ஜாக்சனின் இந்த ஒரு பழக்கத்தை மருத்துவம் கைவிட்டது நல்லதுதான்.

ஒரு மிடறு தண்ணீர்

ஜாக்சன் வாழ்க்கையில் ஊக்கையும் காசையும்விட அவரை அதிகம் கோபப்படுத்தியது வேறொன்று. காஸ்டிக் சோடா. அமெரிக்க வீடுகளில் அப்போது சோப்பு காய்ச்சவும், சாக்கடை அடைப்பை எடுக்கவும் அதை டப்பாவில் வாங்கி வைப்பார்கள். பார்க்கச் சர்க்கரை மாதிரி இருக்கும். விஷம் என்று எச்சரிக்கை இருக்காது. பிள்ளைகள் எடுத்து வாயில் போட்டுவிடுவார்கள். உயிர் பிழைத்தாலும் உணவுக்குழாய் வெந்து, ஆறும்போது தழும்பாகிச் சுருங்கும். கடைசியில் எச்சில்கூட இறங்காது.

அப்படி ஒரு ஏழு வயதுச் சிறுமி அவரிடம் வந்தாள். ஒரு வாரமாக ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை. ஜாக்சன் குழாயை விட்டுப் பார்த்தார்; சுருங்கிய இடத்தில் உணவுத் துணுக்கும் செத்த சதையுமாக ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்தார். நர்ஸ் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். வழக்கம்போலத் திரும்பி வந்துவிடும் என்று நினைத்தபடி சிறுமி ஒரு மிடறு குடித்தாள். இறங்கியது. இன்னொரு மிடறு. அதுவும் இறங்கியது. டம்ளரை மெதுவாக ஒதுக்கிவிட்டு, டாக்டரின் கையை எடுத்து முத்தமிட்டாள்.

ஒரு குழந்தைக்குத் தண்ணீர் இறங்கிவிட்டது. ஆனால் டப்பாக்கள் கடையில் இருந்துகொண்டேதான் இருந்தன. இங்கேதான் ஜாக்சன் மற்ற கைராசி டாக்டர்களில் இருந்து வேறுபடுகிறார். ஆபரேஷன் தியேட்டரை விட்டு இறங்கி, மருத்துவச் சங்கங்களிடமும் சட்டமன்றங்களிடமும் போனார். டப்பாவில் விஷம் என்று எழுத வேண்டும், தவறி உட்கொண்டால் என்ன முதலுதவி என்று அச்சிட வேண்டும். கேட்டது அவ்வளவுதான். தயாரிப்பாளர்கள் சும்மா விடவில்லை. வருஷக்கணக்கில் இழுத்தது. அமெரிக்க மருத்துவச் சங்கமும் சேர்ந்து நின்ற பிறகு, 1927 மார்ச் 4-ம் தேதி அதிபர் கூலிட்ஜ் கையெழுத்தில் காஸ்டிக் நஞ்சுச் சட்டம் வந்தது. காஸ்டிக் சோடா மட்டுமின்றி சில அமிலங்களும் அதில் அடங்கின.

நம் தெருவுக்கு வருவோம். ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடர் என்று கூவிக்கொண்டு வண்டி வருகிறது. ஆசிட்டைப் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலிலும் தண்ணீர் பாட்டிலிலும் ஊற்றி வாங்கி, பாத்ரூம் மூலையில் வைக்கிறோம். லேபிள் இருக்கும், குளிர்பானத்தின் லேபிள். பாட்டிலைப் பார்த்தால் குழந்தைக்கு என்ன தோன்றும்?

காஸ்டிக் சோடாவுக்குப் புது முகமும் வந்திருக்கிறது. பட்டன் பேட்டரி. கார் சாவி, ரிமோட், எடை மெஷின், எல்இடி மெழுகுவத்தி, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை எல்லாவற்றிலும் இருக்கும் வட்டமான வெள்ளி நிற பேட்டரி. குழந்தை அதை விழுங்கி அது உணவுக்குழாயில் நின்றுவிட்டால், ஈரத்தில் மின்சாரம் ஓடத் தொடங்கும். அப்போது எதிர்முனைப் பக்கத்தில் உருவாவது காரம்; அதாவது ஜாக்சன் சண்டை போட்ட அதே வகைப் பொருள், குழந்தையின் தொண்டைக்குள்ளேயே தயாராகிறது. 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாக வெந்துவிடலாம். எக்ஸ்ரேயில் காசு மாதிரியே தெரியும். விளிம்பில் இரட்டை வளையம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் பிரித்து அறிவார்கள். 2021 ஜனவரியில் இருந்து இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். ஆனால் ரிமோட்டும் எடை மெஷினும் பொம்மை இல்லையே.

வீட்டில் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியது கொஞ்சம்தான். திணறும் குழந்தை சத்தமாக இருமினால், இரும விடுங்கள். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவ வேண்டாம், உள்ளே தள்ளிவிடும். சத்தமே வராமல், மூச்சு விட முடியாமல் திணறினால், ஒரு வயதுக்குள் உள்ள குழந்தையை முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு. பிறகு மல்லாத்தி நெஞ்சுக்கு நடுவில் இரண்டு விரலால் 5 அழுத்தம். பொருள் வெளியே வரும்வரை மாற்றி மாற்றி. ஒரு வயதுக்கு மேல் என்றால் முதுகில் 5 தட்டு, பிறகு பின்னால் இருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே உள்நோக்கி மேல்நோக்கி 5 அழுத்தம். நினைவு தப்பினால் உடனே சிபிஆர் தொடங்க வேண்டும். கூடவே யாராவது 108-ஐக் கூப்பிடட்டும். பேட்டரியோ ஆசிட்டோ விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, நேராக மருத்துவமனை. இருமல் அடங்கிவிட்டாலும், கடலையோ வேறு பருப்போ வாயில் இருந்தது தெரிந்தால் டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள். ஐந்து வயது வரை முழுப் பருப்பே வேண்டாம். பொடித்துக் கொடுக்கலாம், சட்னி அரைக்கலாம்.

இழுப்பறைகளில் 2,374 பொருட்கள்

1916-ல் பிலடெல்பியாவுக்குப் போன ஜாக்சன், பிறகு அங்கேயே பல மருத்துவக் கல்லூரிகளில் பேராசிரியராக இருந்தார். 1921-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரை, மூச்சு அடைத்தவர்களுக்குக் கழுத்தில் துளையிடும் முறையையே மாற்றியது. அன்று டிப்தீரியா வந்த குழந்தைகளுக்கு அவசரத்தில் கழுத்தின் மேல்பகுதியில், குரல்வளையை ஒட்டி, துளை போட்டுவிடுவார்கள். உயிர் பிழைக்கும், ஆனால் அந்த இடம் தழும்பாகிச் சுருங்கி, குழாயை எடுக்கவே முடியாமல் வாழ்நாள் முழுக்கக் கழுத்தில் குழாயோடு திரிய வேண்டும். தன்னிடம் வந்த அத்தகைய நோயாளிகளை ஆராய்ந்து, தவறு நோயில் இல்லை, துளை போட்ட இடத்தில் என்று காட்டினார் ஜாக்சன். சக டாக்டர்களின் தவறை அச்சில் எழுத ஒரு துணிச்சல் வேண்டும். துளை கீழே இறங்கியது. இன்றும் ஈஎன்டி வார்டுகளில் ஜாக்சன் டியூப் என்ற உலோகக் குழாயின் பெயர் கேட்கும்.

1930-களில் ஆஸ்திரேலியாவில் ஒரு மூன்று வயதுச் சிறுவனின் நுரையீரலில் ஆணி போய்விட்டது. அங்கே எடுக்க முடியாமல், அம்மா அவனைக் கப்பல் ஏற்றி, கடல் கடந்து பிலடெல்பியாவுக்குக் கொண்டுவந்தார். ஜாக்சனின் குழு ஆணியை எடுத்தது.

எடுத்த ஒவ்வொரு பொருளையும் அவர் சேர்த்து வைத்தார். யாருடையது, என்ன வயது, எங்கே சிக்கியது, எந்த இடுக்கியால் எடுத்தார், எல்லாம் பதிவு. நோயாளிகள் பொருளைத் திருப்பிக் கேட்டாலும் கொடுக்கமாட்டார், காசாக இருந்தாலும்தான். அடுத்த டாக்டர் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அது என்பது அவர் நியாயம். 1924-ல் அந்தச் சேகரிப்பை பிலடெல்பியாவின் மியூட்டர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். மொத்தம் 2,374 பொருட்கள். பட்டன், ஊக்கு, கொட்டை, எலும்பு, திருகாணி, குட்டி பைனாகுலர், ஒருநாளும் லீவு போடாமல் பள்ளிக்கு வந்ததற்காகக் கொடுத்த பேட்ஜ்.

1958 ஆகஸ்ட் 16-ம் தேதி, 92-வது வயதில், பிலடெல்பியாவுக்கு வெளியே ஒரு பழைய ஆலையை ஒட்டிய தன் வீட்டில் ஜாக்சன் இறந்தார். அந்தப் பொருட்கள் இன்றும் மியூட்டரின் இழுப்பறைகளில், வகைவாரியாக, வரிசையாக இருக்கின்றன. பார்க்கப் போகிறவர்கள் தாங்களே ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து பார்க்கலாம்.